மதிய நேரத்து விரல்கள்

விடிந்ததும் அமலோற்பவத்தின் விரல்கள் சீப்பைக்கூடப் பிடிக்காது. ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி, முறை வருவதற்குள் மதியமாகிவிடும். அதற்குள் பாழாய்ப்போன விரல்கள் இளகிவிடும்.

"கையை மூடுங்கம்மா," என்பார் டாக்டர். மூடுவாள்.

"நல்லாத்தானே மூடுறீங்க?"

"காலையில மூட வராது சார்."

"வயசானா அப்படித்தான்." முப்பத்தெட்டு வயதுக்காரிக்கு அதே வலி மாத்திரையை எழுதுவார்.

நான்கு வருடம் இப்படியே போனது. இன்று மூடிய கை விரியவில்லை. காலையில் வாங்கிய டோக்கன் உள்ளேயே கசங்கிக் கிடந்தது. டாக்டர் முதன்முறையாக நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு, அவள் விரல்களைத் தொட்டு ஒவ்வொன்றாக நிமிர்த்தப் பார்த்தார். வலியில் அவளுக்குக் கண் கலங்கியது.

"இவ்வளவு முத்தவிட்டு வந்திருக்கீங்களே! இத்தனை நாளா எங்கம்மா இருந்தீங்க?"

"உங்க ரூமுக்கு வெளியே, அந்த பெஞ்சுலதான் சார்."