இணைப்பில் இருங்கள்

கிண்ணம் பாதி காலியாகியிருந்தபோது, மறுமுனையில் போனை எடுத்துவிட்டார்கள்.

கரண்டியோடு மகளின் கை அப்படியே நின்றது. இத்தனை மாதங்களில் அவர்கள் எடுத்ததே இல்லை. அந்த நம்பிக்கையில்தான் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

குடிநீர் அலுவலகத்தின் புகார் எண் அது. எப்போது கூப்பிட்டாலும் ஓர் இசை வரும். பியானோ மாதிரி ஏதோ ஒன்று. கொஞ்ச தூரம் போய்விட்டு, வழி தவறியதுபோல மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நடுநடுவே ஒரு பெண் குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று சொல்லும். அம்மா அதற்குத் தலையாட்டுவாள். அப்படியே வாயையும் திறப்பாள்.

மறதி நோய் முற்றியதிலிருந்து அம்மாவைச் சாப்பிட வைப்பது பெரும்பாடாக இருந்தது. மருத்துவமனையிலிருந்து இசை சிகிச்சைக்காக வாரத்துக்கு ஒருமுறை வந்துபோகும் இசைக்காரப் பெண், பழகிய இசை எதையாவது போட்டுப் பார்க்கச் சொன்னாள். வெளியூரில் இருக்கும் அண்ணன் அதற்கென்றே விலை உயர்ந்த ஸ்பீக்கர் ஒன்றை அனுப்பிவைத்தான்.

மகள் போடாத பாட்டில்லை. தாலாட்டுக்கு அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். பழைய காதல் பாட்டுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புல்லாங்குழலுக்குத் துப்பினாள்.

ஸ்பீக்கரின் மேல் இப்போது மருந்து டப்பாக்கள் இருக்கின்றன.

பிறகு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. மகள் ஒரு கையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, மறு கையால் புகார் எண்ணை அடித்து, சத்தத்தைக் கூட்டி மேசைமேல் வைத்தாள். இசை வந்தது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அன்று கிண்ணம் காலியானது. தண்ணீர்தான் வரவில்லை.

ஊரில் யாருக்காவது குழாய் உடைந்திருக்குமே, அவர்கள் கூப்பிடும்போது நாம் லைனை அடைத்துக்கொண்டிருக்கிறோமே என்று முதலில் உறுத்தியது. எப்படியும் எடுக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் உறுத்தல் போய்விட்டது.

தாளக்கட்டுதான் காரணம் என்றாள் இசைக்காரப் பெண். பதிவு செய்து வைத்துக்கொள்ளலாமே என்றாள். பதிவுக்கு அம்மா மசியவில்லை. கண்ணெதிரே எண்ணை அடிக்க வேண்டும், மணி அடிக்க வேண்டும், அதற்குப் பிறகு இசை வர வேண்டும்.

இப்போது இசை நின்று, ஓர் இளம்பெண்ணின் குரல் வந்தது. "வணக்கம், என்ன புகார்னு சொல்லுங்க."

மகள் இணைப்பைத் துண்டிக்கப் போனாள். அம்மா முந்திக்கொண்டாள். வாயில் இருந்ததை விழுங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினாள். முழுசாக ஒரு பேச்சு அவள் வாயிலிருந்து வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

"புகார் ஒண்ணும் இல்லம்மா. அங்க கணக்குப் பிரிவுல என் பொண்ணு இருக்கா. கொஞ்சம் கூப்பிடுறியா?"

"அவங்க பேரு என்னம்மா?"

அம்மா யோசித்தாள். பிறகு கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பக்கம் சாய்ந்து, முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கிற மரியாதையோடு, "அவ பேரு என்னங்க?" என்று கேட்டாள்.

மகள் தன் பெயரைச் சொன்னாள்.

அம்மா அதைப் போனில் திருப்பிச் சொன்னாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

கேட்டுச் சொல்வதாகவும் லைனிலேயே இருக்கும்படியும் அந்தப் பெண் சொல்ல, மறுபடி அதே இசை.

அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக மகள் விட்ட வேலை அங்கேதான் இருந்தது. கணக்குப் பிரிவில் கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் அம்மா தன் தையல் கடையிலிருந்து தினமும் மதியம் இந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவாள். யாராவது எட்டிப் பார்த்து, உங்க அம்மா லைன்ல இருக்காங்க என்பார்கள். மகள் எழுந்து போய் எடுத்து, வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்பாள்.

அதற்கு முன்னால் அம்மா எவ்வளவு நேரம் இந்த இசையைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தாள் என்பது அவளுக்குத் தெரியாது. உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கு அது கேட்காது.

இசை நின்றது.

"அவங்க வேலையை விட்டுட்டுப் போயிட்டாங்களாம், அம்மா. எங்க இருக்காங்கன்னு இங்க யாருக்கும் தெரியல." வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் அந்தப் பெண் கேட்டாள்.

அம்மா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழுதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

மகள் போனை எடுத்து, இணைப்பைத் துண்டித்து, அம்மாவின் கையில் கொடுத்துக் காதோடு வைத்தாள். எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"என்னம்மா, சொல்லு."

"ஒண்ணும் இல்லடி. சாப்பிட்டியா?"

அந்த நாட்களில் இதற்கு ஒரே பதில்தான். ஆச்சு, வை. சாப்பிட்டிருந்தாலும் அதுதான், சாப்பிடாவிட்டாலும் அதுதான்.

"இன்னும் இல்லம்மா" என்றாள் மகள்.

"மணி என்ன ஆகுது! முதல்ல போய்ச் சாப்பிடு. நான் வைக்கிறேன்."

அம்மா போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, கரண்டியை நீட்டினாள். அம்மா வாயைத் திறக்கவில்லை. கரண்டியை மெல்ல ஒதுக்கிவிட்டு, கிண்ணத்தை மூடச் சொல்லிக் கையால் காட்டினாள்.

"என் பொண்ணு இன்னும் சாப்பிடலையாம். நீங்க பாட்டுக்கு எல்லாத்தையும் எனக்கே ஊட்டிடாதீங்க."