கிணற்றுப் பக்கம் இழுத்த வண்டி

கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டும் வண்டியின் ஸ்டியரிங் இறுகிப்போனது. வலப்பக்கம் திருப்பினால் முரண்டு பிடித்தது. இடப்பக்கம் தானாகவே ஓடியது. இடப்பக்கம் பாழுங்கிணறு, கைப்பிடிச் சுவர்கூட இல்லாதது. நாளுக்கு நாள் சக்கரத்தடம் ஒரு சாண் அதை நெருங்கியது.

எண்ணெய்க் குப்பி வந்து ஸ்டியரிங்கின் கழுத்தில் ஊற்றியது. "வயசாச்சுல்ல, அண்ணே."

"என் கழுத்துல ஒண்ணுமில்ல. கீழே யாரோ புடிச்சு இழுக்கிறாங்க," என்றது ஸ்டியரிங்.

"இந்த இடத்துல வேலை பார்த்தா அப்படித்தான் தோணும்." குப்பி சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றியது.

நான்காம் நாள் வண்டி கிணற்று விளிம்பில் போய் நின்றது. ஸ்டியரிங் எட்டிப் பார்த்தது. அடியில், சகதிக்குள், துருவேறிய இன்னொரு ஸ்டியரிங் கிடந்தது. அதன் கழுத்தில் எண்ணெய் இன்னும் பளபளத்தது.

"எனக்கும் அங்கேதான் ஊத்தினாங்க, தம்பி," என்றது அது, மெதுவாக. "அந்தக் குப்பி சௌக்கியமா?"

வண்டி கொட்டகைக்குத் திரும்பியது. ஸ்டியரிங் கீழே இருந்த இடது டயரைக் கேட்டது. "உண்மையைச் சொல்லித் தொலை. உனக்கு என்ன?"

டயர், "காத்து இறங்கிட்டே இருக்கு. சொன்னா என்னைக் கழட்டிக் கிணத்துல போட்டுடுவீங்களே," என்றது.

"அதுக்காக எல்லாரையும் சேர்த்துத் தள்ளப் பார்த்தியா?"

மறுநாள் முதல் காலைதோறும் அந்த டயருக்குக் காற்றடித்து வண்டியை வலப்பக்கம் திரும்ப வைத்தது, அத்தனை நாளும் மூலையில் ஆணியில் தொங்கியும் யாரும் ஒரு வார்த்தை கேட்டிராத கைப்பம்பு.