ஒண்ணுமில்லைன்னே சொல்லிப்போடுங்க

நாங்கள் கைதட்டியபோது அவர் வராண்டாவைத் தாண்டிப் போயிருந்தாரா, கதவுக்கு வெளியிலேயே நின்றிருந்தாரா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை.

தாண்டியிருப்பார் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

அன்று சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில், புற்றுநோய்ப் பிரிவின் பி.ஜி. டாக்டர்களான எங்களுக்கு ஒரு புது வகுப்பு. கெட்ட சேதியை நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்பது பாடம். அதுவரை நின்றவாக்கில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

நோயாளியாக நடிக்க வெண்ணந்தூரிலிருந்து ஒரு நாடகக்காரரை வரச்சொல்லியிருந்தார், பாடம் எடுத்த ஸ்ரீதேவி மேடம். முதலில் பேசவேண்டியவன் என் சிநேகிதன் இளஞ்செழியன்.

"ஆள் வந்துட்டாரான்னு பாருங்க," என்றார் மேடம் என்னிடம்.

கதவைத் திறந்தேன். எதிர் பெஞ்சில் ஒருவர் தோளில் துண்டும் மடியில் ஸ்கேன் கவருமாக உட்கார்ந்திருந்தார். வேஷத்தோடேயே வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"உள்ள வாங்க. உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தார்.

பெயரைக் கேட்டு ஆளை உறுதிசெய்துகொள்வதுதான் பாடத்தின் முதல் படி. நாடகம்தானே என்று இளஞ்செழியன் அதை விட்டுவிட்டான்.

மற்றதையெல்லாம் சொல்லிக்கொடுத்தபடியே செய்தான். நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு நேராக உட்கார்ந்தான். செல்போனை அணைத்து வைத்தான்.

"டெஸ்ட் ரிசல்ட் வந்துருச்சுங்க. நல்ல சேதி இல்லீங்க," என்றான். கொஞ்சம் பொறுத்து, "புத்துநோயிங்க," என்றான்.

பிறகு பேசாமல் இருந்தான். அதுவும் பாடத்தில் இருந்ததுதான். ஆனால் அவ்வளவு நீண்ட மௌனம் அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு முன் யாருக்கும் கிடைத்ததில்லை.

அவர் துண்டின் ஓரத்து நூலை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாமுங்க சாமி. கேட்டா ஒண்ணுமில்லைன்னே சொல்லிப்போடுங்க."

எங்களிடம் இருந்த கதையில் அந்த வரி இல்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தனக்கு வந்த நோயைப் பெண்டாட்டியிடம் மறைக்கிற மனுஷன். சொந்தமாகச் சேர்த்திருக்கிறார்.

இளஞ்செழியன் அவர் கையைப் பிடித்து, "சொல்ல மாட்டோமுங்க," என்றான்.

அவர் எழுந்தார். கும்பிட்டார். வேறொன்றும் சொல்லாமல் வெளியே போனார்.

எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'வாரேனுங்க' என்று சொல்லாமல் யாரும் படி இறங்குவதில்லை. சாவு வீட்டில் மட்டும் அதைச் சொல்லக்கூடாது.

"பாத்தீங்களா, எழவு ஊட்டுலருந்து போற மாதிரியே போறார்." என்றார் மேடம். "இதுதான் நடிப்பு."

அப்போதுதான் கைதட்டினோம்.

சத்தம் அடங்குவதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"பாதி வழியிலயே பஸ்ஸு படுத்துக்கிச்சுங்க. என்னங்க, நான் நடிக்கறதுக்கு முந்தியே கைதட்டுறீங்க?"

பெஞ்ச் காலியாக இருந்தது. செருப்பும் இல்லை.

வார்டு சிஸ்டர்தான் சொன்னார். வந்துபோனவர் பெயர் அங்கமுத்து, மோகனூர்க்காரர். நோயாளி அவர் இல்லை. வார்டில் இருந்த அவர் மனைவி குஞ்சம்மாள்தான். மனைவியின் தொண்டையில் எடுத்த சதைப் பரிசோதனையின் முடிவைக் கேட்க, டாக்டர் கூப்பிடுவார் என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இப்போதுதான் வந்து மனைவியை எழுப்பி, பையை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

இளஞ்செழியன் 'புத்துநோய்' என்றானே தவிர, யாருக்கு என்று சொல்லவில்லை. பேச்சில் யார்தான் அதைச் சொல்கிறார்கள்.

உண்மையான முடிவு அந்த வாரமே வந்தது. வெறும் புண். புற்றுநோய் இல்லை.

போன் செய்தால் அங்கமுத்து எடுக்கவில்லை. நானும் இளஞ்செழியனும் மோகனூருக்குப் போனோம். குஞ்சம்மாளிடம், புண்தான், மாத்திரையில் ஆறிவிடும் என்று சொன்னோம். அந்த அம்மாள் சந்தோஷமாகக் காபி போட உள்ளே போனார்.

அங்கமுத்துவை வேலியோரம் தனியாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னோம். அன்றைக்கு நடந்தது பயிற்சி என்றோம். அவரை நாடகக்காரர் என்று நினைத்துவிட்டோம் என்றோம். ரிப்போர்ட்டைக் காட்டினோம். இளஞ்செழியன் அழுதுவிட்டான்.

அவர் அவன் கண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க சாமி. ஒண்ணுமில்லாததுக்கு ரெண்டு டாக்டருங்க ஊடு தேடி வருவாங்களா?"

நாங்கள் எவ்வளவு சொல்லியும் அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது நாங்கள் வாரோம் என்றோம்.

அந்த வகுப்பு இப்போதும் நடக்கிறது. பெயரைக் கேட்காமல் யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. நாடகக்காரர் முதல் நாளே வந்து தங்கிவிடுகிறார். ஸ்ரீதேவி மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். இளஞ்செழியன் நாமக்கல்லில் வேலை பார்க்கிறான். நானும் அவனும் அந்த நாளைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. குஞ்சம்மாள் புண் ஆறி, கரும்புக்காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

அங்கமுத்து இன்னும் அவரிடம் சொல்லவில்லை.