பதினான்காம் எண் வீட்டுக்காரர்

அந்தப் பேட்டையில் நாய்களுக்குத்தான் அக்கம்பக்கத்தில் பழக்கம் உண்டு. மனிதர்கள் உயரமான மதில்களுக்குள் இருந்தார்கள். வெளியே வந்தால் கறுப்புக் கண்ணாடி போட்ட கார்களுக்குள் இருந்தார்கள்.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஒருவர்தான் தினமும் குடையும் கையுமாக எல்லாத் தெருக்களிலும் நடப்பவர். நில அளவைத் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தப் பேட்டையின் வரலாற்றை நானூறு பக்கங்களில் எழுதி, தாமே அச்சிட்டு, வீட்டுக்கு ஒரு பிரதி வீதம் இலவசமாகக் கொடுத்திருந்தார். மூன்று வருடங்கள் ஆயிற்று. நன்றாக இருக்கிறது என்றோ, நாசமாய்ப் போயிற்று என்றோ ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாராவது படித்துவிட்டுத் திட்டினால்கூடப் போதும் என்ற நிலைக்கு அவர் வந்திருந்தார்.

“நானாவது படிக்கிறேன், விடுங்க. என்னைக்காவது தூக்கம் வராம இருக்கட்டும்,” என்பது அவருடைய மனைவி சொன்ன ஆறுதல்.

ஒரு புதன்கிழமை முற்பகலில், பதினான்காம் எண் வீட்டு வாசலில் ஒருவர் வளைந்த கம்பியால் பூட்டைக் குடைந்துகொண்டிருப்பதைச் செயலாளர் கண்டார்.

“யாருங்க அது? பூட்டுல என்ன வேலை?”

“என் வீட்டுப் பூட்டுல எனக்கு என்ன வேலையா? நல்லாக் கேட்டீங்க சார். சாவி தொலைஞ்சு போச்சு. விமானத்தை விட்டு இறங்கி ரெண்டு மணி நேரம்தான் ஆச்சு.”

செயலாளருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. அந்த வீட்டை வாங்கியவர் பெரும்பாலும் வெளிநாட்டில் இருப்பவர். சந்தா வங்கி வழியாக வந்துவிடும். புத்தகத்தைக்கூடச் செயலாளர் தபால் பெட்டியில்தான் போட்டிருந்தார். ஆளைப் பார்த்ததே இல்லை.

நாயுடன் வெளியே வந்த எதிர்வீட்டு அம்மாளை அழைத்தார். “அம்மா, இவர்தான் பதினாலாம் நம்பரா?”

“நான் எங்கங்க பார்த்தேன்? வாட்ஸ்அப் குரூப்ல அவர் படம் பூனை. பூனையை வச்சு ஆளை எப்படிச் சொல்றது?”

“அப்ப போலீஸைக் கூப்பிட்டுடலாம்,” என்றார் செயலாளர்.

வந்தவர் கம்பியைக் கீழே போட்டுவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “சொந்த வீட்டு வாசல்லயே விசாரணையா? சரி சார். வீட்டைப் பத்தி என்ன வேணாக் கேளுங்க. பதில் தெரியலைன்னா நீங்களே பிடிச்சுக் கொடுங்க.”

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “இந்த வீட்டுல எதுக்கு ரெண்டு மாடிப்படி?”

“கட்டினவங்க அண்ணன் தம்பி. அஸ்திவாரம் போடும்போது ஒரே தட்டுல சாப்பிட்டாங்க. கூரை போடும்போது முகத்தைப் பார்த்தா பாவம்னு ஆயிடுச்சு. அதான் ஆளுக்கொரு படி.”

“இந்தத் தெரு ஏன் வளையுது?”

“நடுவுல ஒரு மரம் நின்னுது. வெட்ட விடமாட்டேன்னு ஒரு டாக்டரம்மா மூணு நாள் அதுக்கடியில நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டாங்க. மரம் புயல்ல போச்சு. வளைவு நிக்குது.”

எதிர்வீட்டு அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “போதுங்க, இவ்வளவு தெரிஞ்சவரைப் போய்ச் சந்தேகப்படுறீங்களே! பாவம், வெயில்ல நிக்கறார்.”

செயலாளர் ஓரடி நெருங்கி வந்தார். “கடைசியா ஒண்ணு. பேட்டை வர்றதுக்கு முன்னால இங்க என்ன இருந்தது?”

“செங்கல் சூளைங்க சார். மண்ணெடுத்த பள்ளம்தான் இப்ப பூங்காவில இருக்கிற குளம். ‘இன்று படகு செல்லும் இடத்தில் அன்று கூடைகள் சென்றன’ன்னு ஏழாம் அத்தியாயத்துல எழுதியிருக்கீங்களே, அங்க கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வச்சுட்டேன்.”

“ப... படிச்சீங்களா?”

“ரெண்டு தடவை.”

அதன் பிறகு செயலாளருக்கு நிலத்தில் கால் பாவவில்லை. பூட்டுக்காரரைத் தாமே அழைத்து வந்து கதவைத் திறக்க வைத்தார். வீட்டிலிருந்து தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். பழைய சாமான்களை மாற்றப்போவதாக வந்தவர் சொன்னதும், மாலையில் வந்த லாரிக்கு நுழைவுச் சீட்டில் தாமே கையெழுத்திட்டார். இரண்டு கட்டில்களுக்கு ஒரு பக்கம் கைகொடுத்துத் தூக்கியும் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, பதினான்காம் எண் வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கினார். வெறும் சுவர்களைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“நான் ஏமாந்துட்டேங்க,” என்றார் செயலாளர். “அவ்வளவு விவரம் சொன்னார். அதெல்லாம் என் புத்தகத்தைத் தவிர வேற எங்கயும் கிடையாது.”

“எந்தப் புத்தகம்?” என்று யோசித்த வீட்டுக்காரர், “ஓ, அதுவா! செருப்பு அலமாரி ஆடுதுன்னு காலுக்கு அடியில கொடுத்திருந்தேன். அலமாரியோட அதுவும் போச்சு,” என்றார்.

விசாரிக்க வந்திருந்த இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டைத் திறந்தார். “இது நாலாவது பேட்டை சார். எங்க போனாலும் அந்த ஊர்ல உங்களை மாதிரி ஒருத்தர் எழுதின வரலாற்றைத் தேடிப் படிச்சுட்டுத்தான் வர்றான். எழுதினவரே கதவைத் திறந்து விட்டுடறார்.”

செயலாளர் தயங்கினார். “மத்தவங்க புத்தகத்தையும்... ரெண்டு தடவை படிச்சதாவா சொன்னார்?”

“இல்லையே. அங்கெல்லாம் ஒரு தடவைன்னுதான் சொல்லியிருக்கான். அது எதுக்கு இப்ப? பூட்டுக்காரர் பூட்டைத்தான் பார்த்தாராம். எதிர்வீட்டம்மா நாயைத்தான் பார்த்தாங்களாம். முகத்தைப் பார்த்துப் பேசினது நீங்க ஒருத்தர்தான். ஆள் எப்படி இருந்தான்?”

தம் தோளுக்குக்கூட எட்டாத அந்த வழுக்கைத் தலை மனிதரைச் செயலாளர் ஒரு கணம் கண்ணை மூடி நன்றியோடு நினைத்துக்கொண்டார்.

“நல்ல உயரம் சார்,” என்றார். “தலை நிறையச் சுருட்டை முடி.”