நத்தை அடையாளம்

"அன்ரி, உதை ஆர் எடுக்கச் சொன்னது?"

மூன்று வருடமாகக் கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாமல் இருந்த ரீபொட்டிலிருந்து வனஜா அன்ரி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மாவின் சிநேகிதி, சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து முதல்முறையாக வீட்டுக்கு வந்திருக்கிறார் என்பதால் ஸ்டெபனி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ரீபொட்டிலை தேத்தண்ணி போடாமல் வேறை என்ன பிள்ளை போடுறது?"

"உது ஒரு ஆர்க்கிடெக்ட் டிசைன் பண்ணினது. உலகத்திலையே நாற்பதுதான் இருக்கு!"

"ஓம், நாற்பதோடை நிப்பாட்டிப்போட்டினம். மூக்கு ஒழுகும்."

சொல்லி வாய் மூடவில்லை, மேசை விரிப்பில் சொட்டியது. ஸ்டெபனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊத்தத் தெரியாமல் ஊத்திப்போட்டு! இதுக்காக எத்தனை ஏலத்துக்கு அலைஞ்சனான் தெரியுமே? செய்தவர் பேர்கூடப் போடேல்லை. அடியிலை ஒரு நத்தை மட்டும்தான். அதை வைச்சுத்தான் அசல் எண்டு கண்டுபிடிக்கிறது. உங்களுக்கு உதெல்லாம் எங்கை விளங்கப்போகுது!"

அன்ரி கோபப்படவில்லை. மிச்சத் தேத்தண்ணியையும் கோப்பையில் ஊற்றிவிட்டு, ரீபொட்டைக் கவிழ்த்துக் காட்டினார்.

"வடிவாப் பார். சனிக்கிழமையிலை தமிழ் வகுப்புக்குப் போனனீதானே?"

சுருண்ட ஓடு, நிமிர்ந்த தலை. மூன்று வருடமாக ஸ்டெபனி தடவித் தடவிப் பார்த்த நத்தை, மெல்ல மெல்ல எழுத்தானது.

"நத்தை இல்லைப் பிள்ளை, வனஜாவின்ரை 'வானா'. அந்த மூக்கைப் பிளானிலை அரை அங்குலம் கட்டையாய்க் கீறினதும் நான்தான்."