வாய் திறக்காத டாக்டர்

"மனசுல என்ன ஓடுதோ, அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்க டாக்டர்," என்றான் ஈரோ.

"ம்," என்றார் ஓஸ்மோ.

நான் குறிப்பில் 'ம்' என்று எழுதினேன். அதற்கு மேல் வரியில் இருந்ததும் 'ம்' தான்.

தம்பரே நகரத்துச் சனிக்கிழமை சாயங்காலம். கல்லூரியில் எங்களைத் தவிர யாரும் இல்லை. காலையிலிருந்து இதே அறை, இதே ஆறிப்போன காபி. வெளியே மழையும் பனியும் சேர்ந்து கொட்டிக்கொண்டிருந்தன.

நாங்கள் மூன்று பேர் ஒரு குழு. ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு சமூக வலைத்தளம் செய்திருந்தோம். மாடிப்படியில் யாரோ வரும் சத்தம் கேட்டால், அவர் கடந்து போகும்வரை கதவுக்குப் பின்னால் காத்திருக்கிற ஊர் எங்களுடையது. திரையிலாவது பேசிக்கொள்ளட்டுமே என்று ஓர் ஆசை.

முன்பின் தெரியாத ஒருவரை அதில் உட்கார வைத்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்க்க வேண்டும். உதவி செய்யக் கூடாது. யோசிப்பதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். அந்தப் பேச்சுதான் எங்கள் அறிக்கை. "குறையே இல்லைன்னு வந்து நின்னீங்கன்னா, நீங்க சோதிக்கவே இல்லைன்னு அர்த்தம். பாஸ் கிடையாது, இலையுதிர்காலத்துல மறுபடி இதே பாடம்தான்" என்று ஆசிரியை முதலிலேயே சொல்லியிருந்தார். திங்கட்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும்.

காலையில் வரவேண்டியவர் வரவில்லை. மதியம் வந்த பெண், எதைத் தொட்டாலும் "அழகா இருக்கு" என்றாள். மிச்சம் இருந்தது இந்தப் பல் டாக்டர் ஓஸ்மோ மட்டும்தான்.

ஈரோ அவரை உற்சாகமாகத்தான் வரவேற்றிருந்தான்.

"நான் ஈரோ. குறிப்பு எடுக்கிறது தைகா. அதோ, உங்க எதிர்ல இருக்கிறது வேன்லா. தளத்தை வரைஞ்சது முழுக்க அவதான். தூக்கமில்லாம உயிரைக் கொடுத்திருக்கா. நீங்க பயப்படாதீங்க. உங்களைச் சோதிக்கல, தளத்தைத்தான் சோதிக்கிறோம்."

ஓஸ்மோ தலையாட்டினார். அதோடு சரி.

"இந்த வாரம் கட்டடத்துப் பொது சௌனாவுல நீராவிக் குளியல் எடுக்கிற உங்க முறையை, பக்கத்து வீட்டுக்காரரோட மாத்திக்கணும். செஞ்சு பாருங்க," என்றான் ஈரோ இப்போது.

ஓஸ்மோ ஒரு பட்டனை அழுத்தினார். எங்கேயோ போனது. திரும்பி வந்தார். இன்னொன்றை அழுத்தினார். அதுவும் வேறெங்கோ போனது.

"என்ன தேடுறீங்க டாக்டர்?"

"ஒண்ணுமில்ல."

"ஏதாவது குழப்பமா இருக்கா?"

நிமிர்ந்து எதிரே பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "பரவால்ல."

"எரிச்சல் வந்தா தாராளமாத் திட்டலாம். நாங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம்."

"இருக்கட்டும்."

மேசைக்கு அடியில் ஈரோ என் காலை மிதித்தான். நான் என்ன செய்ய? சாதாரண நாளிலேயே எனக்குப் புது ஆட்களிடம் பேச்சு வராது.

கடைசியில் ஓஸ்மோ எழுந்தார். "நல்லா இருக்கு," என்றார். அன்று முழுவதும் சிரிக்காத வேன்லா முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தாள். நன்றிக்கு நாங்கள் கொடுத்த சினிமா டிக்கெட்டை வாங்கிக்கொண்டு அவர் வெளியே போனார்.

கதவு மூடியதும் ஈரோ தலையை மேசையில் சாய்த்துக்கொண்டான்.

"சினிமா டிக்கெட்டுக்குன்னே வந்திருக்காரு மனுஷன். அடுத்தவங்க வாயைத் திறந்தே பழக்கம். தன் வாயை எப்படித் திறக்கணும்னு மறந்துட்டாரு போல."

"யோசிக்கிறதை வாய்விட்டுச் சொல்லணும்னு புத்தகத்துல எழுதினவன், இந்த நாட்டுப் பக்கமே வந்திருக்க மாட்டான்," என்றாள் வேன்லா.

"அப்ப என்ன, மறுபடி இதே அறை."

"இதே காபி."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் இருவரும் ட்ராமைப் பிடிக்க ஓடினார்கள். நான் கோப்பைகளைக் கழுவி வைத்தேன். ஒருவரும் தொடாத ஏலக்காய் பன்களைப் பையில் போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

கோட்டு மாட்டும் இடத்தில், பெஞ்சில் ஓஸ்மோ உட்கார்ந்திருந்தார். கோட்டு மடியில் இருந்தது.

"பஸ் போயிடுச்சா டாக்டர்?" நானாகக் கேட்டதே எனக்கு ஆச்சரியம்.

"கார்லதான் வந்தேன்." கண்ணாடிக் கதவு வழியாக வெளியே எட்டிப் பார்த்தார். "அந்தப் பொண்ணு போயாச்சா? வரைஞ்ச பொண்ணு?"

"வேன்லாவா? இப்பத்தான் போனா. ட்ராம் ஏறியிருப்பா."

அவர் எழுந்து கோட்டைத் திரும்பவும் கொக்கியில் மாட்டினார்.

"அப்ப மேல வாம்மா. பேனாவை எடு. சௌனா பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்," என்று படியேறினார். "சொத்தை நிறைய இருக்கு. செஞ்ச பொண்ணு எதிர்லயே நகத்தைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா, எப்படிம்மா எண்ணிச் சொல்றது?"