மணி விதைக்கிறவர்

அன்புமணி சட்டைப் பைக்குள் கைவிட்டு எதையோ அள்ளி, உழுது போட்டிருந்த காட்டுக்குள் விசிறியதை ஷ்ரவ்யா பார்த்துவிட்டாள்.

சோளம் விதைக்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் விழுந்ததெல்லாம் சிவப்பாக மின்னியது.

கோக்கிற மணிகள்.

காலையில் சுற்றுலா பஸ் பேரூரில் கிளம்பியதிலிருந்து வழிகாட்டியான அன்புமணி மைக்கில் பேசிப் பேசியே எல்லோரையும் இரண்டாயிரம் வருஷத்துக்கு அப்பால் கொண்டுபோய் வைத்திருந்தார். மேற்குக் கரையில் இறங்கிய யவனர்கள், பாலக்காட்டுக் கணவாய், நொய்யலை ஒட்டியே கிழக்கே போன பொதிமாடுகள். சூலூர் தாண்டுவதற்குள் ஷ்ரவ்யாவுக்கு ஜன்னலுக்கு வெளியே சலங்கை கேட்க ஆரம்பித்திருந்தது. எதிரே வந்த லாரிகள்கூடப் பொதி சுமந்து அசைந்து அசைந்து வருவதாகத் தோன்றியது.

இப்போது கொடுமணல். சிவப்புக் கல்லை அறுத்து, துளைத்து, மணியாக்கிக் கடல் கடந்து அனுப்பிய ஊர். மத்தியான வெயிலில் காடே மிதந்துகொண்டிருந்தது. ஆறு இருக்கிற பக்கம் வெறும் வெளிச்சம்தான் ஓடியது.

ஷ்ரவ்யா எம்.ஏ. வரலாறு, இரண்டாம் வருஷம். கனவு கலைந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

"ஏம்மா, இங்க பாரு." கோயமுத்தூரில் மில் வைத்திருக்கும் பாலகோபால் குனிந்து நிமிர்ந்தார். விரல் நுனியில் ஒரு மணி. "ரெண்டாயிரம் வருசத்துச் சாமான்."

"மெதுவாப் பேசுங்க." அவர் மனைவி ரங்கநாயகி அதை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்தார். "பூஜை ரூம்ல வெச்சுக்கலாம்."

இன்னும் பத்துப் பேர், ஆளுக்கொரு உழவுசாலில், தூக்கத்தில் நடக்கிறவர்களைப் போலக் குனிந்து குனிந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

சில சால்கள் கடந்ததும் ஷ்ரவ்யாவும் குனிந்தாள். காலடியில் கிடந்த ஒரு மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். ஆதாரம். அதோடு நேரே போய், வேப்பமரத்தடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அன்புமணியின் முன்னால் நின்றாள்.

"அண்ணா, நீங்க பண்றது மோசடி."

"என்னங்க அம்மணி?"

"மணி தூவுனதப் பாத்தேன். எல்லாம் புது மணி."

அன்புமணி மறுக்கவில்லை. பாட்டில் மூடியை நிதானமாகத் திருகினார்.

"ஆமாங்க. டவுன்ஹால் கடைவீதியில சரம் சரமா விக்கிறது. ஒரு வாரம் செம்மண்ணுல ஊற வெச்சு எடுத்துட்டு வாரேன்."

"கொஞ்சங்கூடக் கூச்சமில்லாம சொல்றீங்க. அந்த அங்கிள் அதப் பூஜை ரூம்ல வெக்கப் போறார். பஸ் ஏறினதும் மைக்க வாங்கி எல்லாத்துகிட்டயும் சொல்லத்தான் போறேன்."

"சொன்னா என்னை வேலைய உட்டு நிறுத்திப்போடுவாங்க."

"நிறுத்தட்டும். வரலாறுன்னு சொல்லிப் பொய்ய விப்பீங்களா?"

"விக்கலீங்களே. சும்மாத்தான போட்டேன்."

"இலவசமாக் குடுத்தாப் பொய் உண்மையாயிருமா?"

அன்புமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்ககிட்டப் பேசி ஜெயிக்க முடியாதுங்க. சூலூர்லயே தெரிஞ்சுபோச்சு."

அவள் சிரிக்கவில்லை.

"மொத வருசம், ஒண்ணும் எடுக்காதீங்கன்னு சொல்லித்தானுங்க கூட்டியாந்தேன். நம்மூர்ல யாரு எதுத்துப் பேசறாங்க? சரிங்க, சரிங்கன்னு அத்தன மரியாதையாச் சொன்னாங்க. ஒரு பெரியவரு சாக்ஸுக்குள்ள போட்டுக்கிட்டாரு. ஒரு அம்மா கொண்டைக்குள்ள. மழை பேஞ்சா பழைய மணி அஞ்சாறு மண்ணுக்கு மேல வரும். ஒரே ட்ரிப்புல அத்தனையும் போச்சு."

"பையச் சோதிச்சிருக்கணும்."

"கும்பிட்டுக் கூட்டியாந்தவங்க பைய எப்படீங்க தடவறது?" அவர் காட்டைப் பார்த்தார். "அதுதான் முன்னாடியே என்ர மணியப் போட்டு வெச்சுடறேன். ஆளுக்கு ஒண்ணு கெடச்சுட்டா அதுக்கு மேல தேடறதில்லீங்க. நெசமானது மண்ணுக்குள்ளயே கெடக்கும். என்னைக்காச்சும் முறையாத் தோண்டறவங்க வருவாங்க. எது எங்க கெடந்துச்சுன்னு எழுதி வெச்சுட்டு எடுப்பாங்க. இடம் தெரியலைன்னா அது வெறும் கல்லுதானுங்களே. உங்களுக்குத் தெரியாததா?"

ஷ்ரவ்யாவுக்குத் தெரியும். பரீட்சையில் நாலு பக்கம் எழுதியிருக்கிறாள். ஆனாலும் விட மனசில்லை.

"எது உங்க மணி, எது பழசுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்ர மணி மெசின்ல தொளச்சது. தொளை நேரா இருக்கும். அந்தக் காலத்துல ரெண்டு பக்கமும் கையால தொளச்சு நடுவுல சேத்துனாங்க. லேசாக் கோணும்."

பஸ் நிழலில் பாலகோபாலும் ரங்கநாயகியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரகசியம் வைத்திருக்கிற குழந்தைகள் மாதிரி. மைக்கில் சொல்வதற்கு ஷ்ரவ்யாவிடம் இப்போது எதுவும் மிச்சமில்லை.

கையை விரித்தாள்.

"இந்தாங்கண்ணா, நானும் ஒண்ணு எடுத்தேன். ஆதாரத்துக்குன்னு. அடுத்த ட்ரிப்புக்கு வெச்சுக்கங்க."

அன்புமணி வாங்கிச் சட்டையில் துடைத்தார். வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு துளை வழியே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ இவரைப் பார்ப்பது போல.

"அம்மணி, இத எந்த எடத்துல எடுத்தீங்க?"

ஷ்ரவ்யா திரும்பிப் பார்த்தாள். முப்பது, நாற்பது சால்கள். எல்லாம் ஒரே சிவப்பு. வெயிலில் மிதந்துகொண்டிருந்தன.

"தெரியலீங்களேண்ணா. ஏன்?"

"இது நான் போட்டது இல்லீங்க."